சோடிப்பூ

கொடிகளை வேரோடு பிடுங்கச் சொல்லி உத்தரவு வந்தபோது இசக்கி டீ குடித்துக்கொண்டிருந்தாள்.

தை மாதம். மலைக்கிராமமான மேல்குழியில் வெயில் ஏற நேரமாகும். கொட்டகைத் தகரத்திலிருந்து பனி சொட்டிக்கொண்டிருந்தது. டம்ளருக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் தட்டு. அதில் மூன்று சோடிப்பூ. சமையலுக்கு வரும் மாதி தினமும் இப்படித்தான் வைப்பாள், பிஸ்கட்டுக்குப் பதிலாக.

"ரெண்டு தோட்டத்தையுமா சார்?"

"ரெண்டையும்தான்." ரகோத்தமன் கோயம்புத்தூரிலிருந்து பேசினார். மூன்று மலைகளில் கம்பெனி நடத்தும் சோதனைகளுக்கு அவர்தான் பொறுப்பு. "ஒரு மலையில போன வாரமே பிடுங்கியாச்சு. நாளைக்கு உங்ககிட்ட வர்றேன். ஆளைக் கூட்டிட்டு வந்துடுவேன். நீங்க வேலியைத் திறந்து வச்சாப் போதும்."

"நோயாளிங்க நல்லா இருக்காங்க சார்."

"இருக்காங்க. மேல்தோட்டத்துக்காரங்களும் நல்லா இருக்காங்க, கீழ்தோட்டத்துக்காரங்களும் நல்லா இருக்காங்க. ஒண்ணுபோல. அதுதாம்மா பிரச்சினை."

இசக்கி ஒரு பூவை எடுத்தாள். அடியைக் கிள்ளித் தேனை உறிஞ்சினாள். இதழை மென்றாள். முதலில் இனிப்பு, பிறகு லேசான கசப்பு.

அது காட்டுக்கொடி. வெயிலும் நிழலும் பாதிப் பாதியாக விழும் சோலை ஓரங்களில் படரும். இலைக்கணுவில் ஒரே காம்பில் இரண்டு பூ. சாயங்காலம் வெள்ளையாக விரியும். இருட்டியதும் நீண்ட நாக்குள்ள அந்துப்பூச்சி வந்து தேன் எடுக்கும். மறுநாள் பூ மஞ்சளாகிவிடும், தீர்ந்துவிட்டது, வேறு இடம் பார் என்று பூச்சிக்குச் சொல்வதுபோல. கறுப்புப் பழத்தைப் பறவைகள் தின்னும். மனிதர்கள் தின்றால் வயிற்றைப் புரட்டும். பூவை மட்டும் மேல்குழிக்காரர்கள் காலம் காலமாகத் தின்கிறார்கள்.

மேல்குழியில் பல வீடுகளில் அரிவாள் ரத்தசோகை இருந்தது. வட்டமாக இருக்கவேண்டிய ரத்த அணு அரிவாள்போல வளையும். வளைந்தது போகிற வழியில் சிக்கும். பனிக்காலத்தில் எலும்புக்குள் யாரோ திருகுவதுபோல வலிக்கும். கருவில் இருக்கும்போது உடம்பு வேறு மாதிரி ரத்தம் செய்கிறது. அது வளைவதில்லை. பிறந்தபின் உடம்பு அதை மறந்துவிடுகிறது. அதை மறுபடி நினைவுபடுத்த மருந்து உண்டு. மாத்திரையாகவே உண்டு. ஆனால் மழையில் பாதை சரிந்தால் மேல்குழிக்கு மாத்திரை வராது, நர்சும் வரமாட்டார்.

மருந்து அங்கேயே காய்த்தால், பூத்தால் என்ன என்று ஒருவருக்குத் தோன்றியது. ஆய்வகத்தில் சோடிப்பூவின் இதழுக்குள் மருந்தை வரவழைத்தார்கள். வைகாசியில் தொடங்கி ஆடியில் ஓய்ந்துவிடும் கொடியை வருடம் முழுக்கப் பூக்கவைத்தார்கள். இரண்டாவது வேலை இசக்கியுடையது. அதற்குத்தான் அவளுக்கு டாக்டர் பட்டம்.

மேல்குழியில் இரண்டு தோட்டம் போட்டார்கள். ஒன்றில் மருந்துப் பூ. மற்றதில் மருந்தில்லாத பூ, அதுவும் வருடம் முழுக்கப் பூப்பது. பார்வைக்கு வித்தியாசம் கிடையாது. எது எது என்று கோயம்புத்தூருக்கு மட்டும் தெரியும். நோயாளிகளைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்தார்கள். காலையில் ஒவ்வொருவரும் தன் தோட்டத்தில் மூன்று சோடி பறிக்க வேண்டும், சாப்பிட வேண்டும்.

"அப்போ எல்லாருக்கும் பிள்ளை ரத்தம் கூடியிருக்கே, அது எப்படி?" என்றாள் இசக்கி போனில். கருவில் ஓடும் ரத்தத்துக்கு அவள் ஊர்க்காரர்களிடம் சொல்லிவைத்த பேர் அது. இப்போது அவளுக்கே அதுதான் வாயில் வந்தது.

"எல்லாருக்கும் கூடினா மருந்தால கூடலைன்னு அர்த்தம். ஒண்ணு நாம கொடுத்த முட்டை, சத்துமாவு. இல்லைன்னா உங்க ரத்தம் பார்க்கற மிஷின் எல்லாருக்கும் கூட்டிக் காட்டுது. கம்பெனியில மேல இருக்கறவங்க மிஷின்தான்ங்கறாங்க. நான் உங்களுக்காகப் பேசிப் பார்த்துட்டேன், இசக்கி."

போனை வைத்தபோது மாதி வாசலில் நின்றிருந்தாள். முப்பது வயது. ஒல்லி. கழுத்தில் மப்ளர்.

"பிடுங்கப் போறாங்களாக்கா?"

"கேட்டுட்டியா?"

"நீங்க மெதுவாப் பேசினா நல்ல சேதி. கத்திப் பேசினா டவர் இல்ல. இப்ப ரெண்டும் இல்லாமப் பேசினீங்க."

இசக்கி சொன்னாள். மாதி கவனமாகக் கேட்டாள்.

"எங்களுக்கு நல்லா ஆயிருச்சு. அதனால பிடுங்கறாங்க."

"அப்படி இல்ல மாதி. ரெண்டு தோட்டத்துக்கும் வித்தியாசம் இல்ல. அதனால."

"மோசமா ஆகியிருந்தா?"

"அப்பவும் பிடுங்குவாங்க."

"பாவம், அந்தக் கொடி என்னதான்க்கா பண்ணும்?" மாதி தட்டை எடுத்துக்கொண்டாள். "பஸ் ஸ்டாப்புல டீக்கடை போடலாம்னு இருந்தேன். இடம் பேசியாச்சு."

இசக்கிக்குத் தெரியும். போன வருடம் வரை மாதி பனியில் வெளியே வந்தவளல்ல. வலி வந்தால் கட்டிலோடு கட்டிலாகக் கிடப்பாள். அவள் அக்கா அப்படி ஒரு வலியோடு ஜீப்பில் போனவள். பாதை சரிந்து கிடந்தது. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரவில்லை. மாதிக்கு எட்டு மாதமாக வலி வரவில்லை. விடியற்காலையில் எழுந்து அடுப்புப் பற்றவைக்கிறாள். டீக்கடைக்காரி அதைத்தான் செய்யவேண்டும்.

"மாத்திரை வாங்கித் தர ஏற்பாடு பண்றேன்," என்றாள் இசக்கி.

"மழைக்காலத்துல?"



சாயங்காலம் அவள் மேல்தோட்டத்து வேலியோரம் நின்றாள். மொட்டுகள் ஒவ்வொன்றாக விரிந்தன. மேலிதழ் பின்னால் சுருண்டது, கீழிதழ் நாக்குப்போலத் தொங்கியது. வாசனை கிளம்பியது. ஒரு அந்துப்பூச்சி வந்து ஒரு பூவின் முன்னால் அந்தரத்தில் நின்றது. குடித்தது. அடுத்த பூவுக்குப் போனது. நாளைக்கு இந்நேரம் அதற்கு இங்கே ஒன்றும் இருக்காது. காட்டிலும் வைகாசி வரை இருக்காது. இசக்கி அந்த எண்ணத்தை அப்படியே விட்டுவிட்டு உள்ளே போனாள்.

மறுநாள் காலை எல்லோரும் வழக்கம்போல வந்தார்கள். பறித்தார்கள். கையைத் திறந்து காட்டினார்கள். கிளம்பினார்கள். வேலைக்குப் போகிற வழியில் சாப்பிடுவார்கள். மறுநாள் இசக்கி கேட்பாள், "சாப்பிட்டீங்களா?" சாப்பிட்டாச்சு என்பார்கள். அவளும் குறித்துக்கொள்வாள்.

இன்றுதான் கடைசி என்று வாசலில் வைத்துச் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. கொஞ்சம் பொறுத்துப் பின்னால் நடந்தாள்.

ஓடைத் திருப்பத்தில் நின்றிருந்தார்கள். மேல்தோட்டத்துக்காரர்கள் பாறைமேல் உட்கார்ந்திருக்க, கீழ்தோட்டத்துக்காரர்கள் ஒவ்வொருவராக வந்துசேர்ந்தார்கள். யாரும் பெரிதாகப் பேசவில்லை. இவர் காம்பைப் பிரித்து ஒரு பூவை அவரிடம் கொடுத்தார். அவர் காம்பைப் பிரித்து ஒன்றை இவரிடம் கொடுத்தார். சாப்பிட்டார்கள்.

இசக்கி அவர்கள் நடுவே போய் நின்றாள்.

"என்ன பண்றீங்க?"

நஞ்சன் பூவை மென்றபடி திரும்பிப் பார்த்தார். தேயிலை பேக்டரியில் வாட்ச்மேன். முட்டிவலிக்காரர், இப்போது படி ஏறுகிறார். "சாப்பிடறோம் மேடம்."

"மாத்திக்கிறீங்களே?"

"சோடிப்பூவாச்சே. ஒருத்தரே ரெண்டையும் தின்னமாட்டோம்."

"ஏன்?"

"வயித்துக்குள்ள போயி ரெண்டும் சண்டை போட்டுக்கும்னு சொல்லுவாங்க." நஞ்சன் யோசித்தார். "சின்னப்புள்ளையில ஒருதடவ திருட்டுத்தனமா ரெண்டையும் தின்னு பார்த்தேன். ஒண்ணும் ஆகல. ஆனாலும் தின்னமாட்டோம்."

"சரி, உங்க தோட்டத்து ஆளோடயே மாத்திக்கலாமே? ஏன் இவங்களோட?"

இதற்கு நஞ்சனின் மனைவி கெப்பி பதில் சொன்னாள். அவள் கீழ்தோட்டம். "நீங்கதான மேடம் மொத நாள் கூட்டம் போட்டுச் சொன்னீங்க. ஒரு தோட்டத்துல மருந்து இருக்கு, ஒண்ணுல இல்ல, எதுன்னு எனக்கே தெரியாதுன்னு."

"ஆமா."

"அப்ப இல்லாதவங்களுக்குப் பாதி போகணும்ல."



"இதை ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"சாப்பிட்டீங்களான்னு கேட்டீங்க," என்றார் நஞ்சன். "சாப்பிட்டோம். யாரு பூவைன்னு கேக்கலையே."

மேலே ஜீப் சத்தம் கேட்டது.

ரகோத்தமனோடு டிரைவரும் மண்வெட்டியோடு இரண்டு ஆட்களும் வந்திருந்தார்கள். இசக்கி மூச்சு வாங்கியபடி நடந்ததைச் சொன்னாள். அவர் குறுக்கிடவில்லை. சொல்லி முடித்ததும் தொப்பியைக் கழற்றி உதறினார்.

"எல்லாரும் ஆறு பூ சாப்பிட்டிருக்காங்க. அதுல மூணு மருந்து, மூணு வெறும் பூ. அப்படித்தானே?"

"அதனாலதான் ரெண்டு பக்கமும் ஒண்ணுபோல வந்திருக்கு. பாதி மருந்தே போதும்னு ஆகுது சார். நாம பிடுங்க வந்தது வேலை செஞ்ச மருந்தை."

"எனக்கு நம்பணும்னுதான் இருக்கு. ஆனா இதை யாரு சொல்றா? கொடி வேணும்னு நினைக்கறவங்க. என்னிக்கு? நாம பிடுங்க வர்ற அன்னிக்கு." அவர் குரலில் கிண்டல் இல்லை. "மேல இருக்கறவங்க முதல்ல மிஷின் சரியாங்கறாங்க. அதுக்கு என்ன பதில்?"

மண்வெட்டிக்காரர்கள் வேலிக்கம்பியில் சாய்ந்து பீடி பற்றவைத்தார்கள். மாதி எல்லோருக்கும் டீ கொண்டுவந்தாள். இசக்கியின் டம்ளருக்குப் பக்கத்தில் சின்னத் தட்டு. மூன்று பூ.

இசக்கிக்கு ஒன்று உறைத்தது. மாதி மேல்தோட்டம். ஓடைத் திருப்பத்தில் அவள் இல்லை.

"மாதி, உனக்கு யாரு சோடி?"

"பொம்மன்தான் இருந்தான். கீழ்தோட்டம். ஆவணியில கட்டட வேலைக்குத் திருப்பூர் போயிட்டான்ல."

"அதுக்கப்புறம்?"

மாதி தட்டைப் பார்த்தாள். இது என்ன கேள்வி என்பதுபோல இசக்கியைப் பார்த்தாள்.

"நீங்கதான்க்கா."

ஒரு மண்வெட்டிக்காரர் பீடியை வாயிலிருந்து எடுத்தார்.

"இது ஓடைக்கரைக் கொடியில பறிச்சதுன்னு நினைச்சேன்," என்றாள் இசக்கி. சொல்லும்போதே அது எவ்வளவு பெரிய அபத்தம் என்று அவளுக்குப் புரிந்தது. தை மாதத்தில் ஓடைக்கரையில் ஏது பூ? காட்டுக்கொடி ஆடியோடு ஓய்ந்துவிடும் என்று அவளே நாற்பது பக்கம் எழுதியிருக்கிறாள். கார்த்திகையில் தின்றாள். மார்கழியில் தின்றாள். நேற்றுத் தின்றாள். டீயோடு வந்ததால் அது அவளுக்குச் செடியாகவே தெரியவில்லை.

"எனக்கு ஏன் கொடுத்தே?"

"வேற யாருக்குக் கொடுக்க? எல்லாருக்கும் ஆள் இருக்கு. உங்களுக்குத்தான் எந்தத் தோட்டமும் இல்ல."

"எனக்கு நீ கொடுத்தே. உனக்கு யாரு மாத்திக் கொடுத்தா?"

"யாருமில்ல. நான் மூணோட சரி. அதுவே வலிக்குக் கேக்குதேக்கா."

இசக்கி எழுந்து உள்ளே போனாள். தீப்பெட்டி அளவுள்ள ரத்தக்கருவியோடு வந்தாள். மேசைமேல் வைத்தாள்.

"சார், எது மருந்துத் தோட்டம்? இப்போ சொல்லலாம்ல?"

ரகோத்தமன் தயங்கினார். "மேல்தோட்டம்."

"எனக்கு நோய் இல்ல. முட்டை, சத்துமாவு எதுவும் நான் வாங்கல. மிஷின் வந்த அன்னிக்குச் சரிபார்க்க என் ரத்தத்தைத்தான் விட்டேன். அந்தக் கணக்கு உள்ளயே இருக்கு. சாதாரண ஆளுக்கு இருக்கற அளவுதான்." விரலைக் குத்தினாள். சொட்டு விட்டாள்.

கருவி யோசித்தது. எண் வந்தது. பழைய எண்ணை அதன் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தி, கருவியை அவர் பக்கம் திருப்பினாள்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். "இது பன்னெண்டு மடங்கு."

"பிள்ளை ரத்தம். முப்பத்தஞ்சு வயசுல."

"மிஷின் கூட்டிக் காட்டுதுன்னு சொல்லுவாங்க."

"அப்போ உங்களுக்கும் கூட்டிக் காட்டட்டும். விரலைக் கொடுங்க சார்."

ரகோத்தமனுக்கு ஊசி என்றால் பயம் என்பது அப்போதுதான் தெரிந்தது. முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு கையை நீட்டினார். எண் வந்தது. ஒன்றுமே இல்லை என்று சொல்லத்தக்க எண். டிரைவருக்குக் குத்தினாள். அதேபோல. மண்வெட்டிக்காரர்களில் மூத்தவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"நாங்க குழி வெட்ட வந்தோம் மேடம்."

"வாய்யா, எறும்பு கடிச்சாப்புலதான்," என்றாள் மாதி. "எனக்கு மாசாமாசம் குத்துறாங்க, நான் செத்தாபோயிட்டேன்?"

இருவருக்கும் அதேபோலத்தான் வந்தது.

ரகோத்தமன் ஐந்து எண்களையும் வெகுநேரம் பார்த்தார். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னார். "இதை அனுப்பணும்னா நீங்க சாப்பிட்டதையும் அனுப்பணும்."

"தெரியும் சார்."

"சோதனைப் பூவைச் சோதனை நடத்தறவங்களே தின்னிருக்காங்க. அதுக்கப்புறம் உங்களை எந்த மலைக்கும் அனுப்பமாட்டாங்க. அனுப்பக்கூடாது. நானே அப்படித்தான் எழுதுவேன்."

"எழுதுங்க."

அவர் போனை எடுத்துக்கொண்டு டவர் கிடைக்கும் மேட்டுக்கு ஏறினார். கீழே எல்லோரும் காத்திருந்தார்கள். நஞ்சனும் கெப்பியும் வந்து வேலியோரம் உட்கார்ந்தார்கள். மாதி மறுபடி டீ போட்டாள். மேட்டில் அவர் குனிவதும் நிமிர்வதும் கையை ஆட்டுவதும் தெரிந்தது.

"கத்திப் பேசறாரு," என்றாள் மாதி. "டவர் இல்லையோ என்னவோ."

அவர் இறங்கி வந்தபோது வெயில் நன்றாக ஏறியிருந்தது.

"பிடுங்க வேணாம். ரெண்டு தோட்டத்துலயும் மருந்துக்கொடியே வச்சுடலாம்னு சொல்றாங்க. ஆளுக்கு மூணு பூ. எப்படித் தின்னாலும் சரி. ஒப்பிட்டுப் பார்க்க வேற ஊர்." அவர் உட்கார்ந்தார். "இசக்கி, நீங்க நாளைக்கு இறங்கணும்."

"சரி சார்."

"இன்னொண்ணு." அவர் தொப்பியை மடியில் வைத்துத் தடவினார். "போன வாரம் பிடுங்கினோமே, அந்த மலையிலயும் இதே முடிவுதான் வந்துது. ரெண்டு பக்கமும் ஒண்ணுபோல."

இசக்கி நிமிர்ந்தாள்.

"அங்கயும் இந்தக் கொடி காட்டுல உண்டு. அங்கயும் தின்பாங்க. எப்படித் தின்பாங்கன்னு நாம கேக்கவே இல்ல." அவர் கொடிகளைப் பார்த்தார். "மறுபடி நட்டு, பூக்க ஒரு வருஷம் ஆகும்."

"நாத்து இருக்கு சார். என் ஆய்வகத்துல இருக்கு."

"உங்க ஆய்வகம் இல்ல இப்போ."

"இருக்கற இடத்தைச் சொல்லுவேன்ல."

மறுநாள் காலை ஜீப் புறப்படத் தயாராக நின்றது. இசக்கியின் பெட்டி ஏறிவிட்டது. புது ஆள் வரும்வரை ரகோத்தமன் கொட்டகையில் தங்கவேண்டும். பனிக்குக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மாதி இரண்டு டீ கொண்டுவந்து வைத்தாள்.

இசக்கியின் டம்ளருக்குப் பக்கத்தில் தட்டு இல்லை. அவள் தன்னையறியாமல் அங்கே விரலைக் கொண்டுபோய், மேசையைத் துடைப்பதுபோலத் துடைத்தாள்.

தட்டு ரகோத்தமன் டம்ளருக்குப் பக்கத்தில் இருந்தது.

"இது என்னம்மா?"

"பூ சார்."

"எடுத்துட்டுப் போம்மா. நேத்து நடந்ததைப் பார்த்தே இல்ல? அதை நான் தொடக்கூடாது. அந்த அம்மா எதுக்கு ஊருக்குப் போறாங்க?"

"கடை போட்டதும் அங்க யாராச்சும் சேர்ந்துக்குவாங்க சார். அதுவரைக்கும்தான்." மாதி நகரவில்லை. அவளுடைய மூன்று பூவும் அவள் உள்ளங்கையில் இருந்தன. இன்னும் தின்னவில்லை. "சாருக்கு எந்தத் தோட்டம்?"

"எனக்கா? எனக்கு ஏது தோட்டம்?"

"அதான்."

அவள் நின்றாள். ரகோத்தமன் தட்டைப் பார்த்தார். அவள் கையைப் பார்த்தார். தான் தின்னாவிட்டால் அவள் தின்னமாட்டாள் என்பது அவருக்கு மெல்லப் புரிந்தது. நோயாளி மருந்தைத் தவறவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் அங்கே அவருடைய முதல் வேலை. உதவிக்கு இசக்கியைத் திரும்பிப் பார்த்தார்.

இசக்கி டீயைக் குடித்து முடித்தாள். டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள்.

"அடியைக் கிள்ளிட்டு உறிஞ்சணும் சார்," என்றாள். "அப்புறம் மெல்லலாம்."

அவள் ஜீப்பை நோக்கி நடந்தாள். ஏறி உட்கார்ந்தபின்தான் திரும்பிப் பார்த்தாள். அவர் பூவை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டு வாயில் வைத்தார்.

மாதியும் வைத்தாள்.